அவேரான் காட்டிலிருந்து அடையாறு வரை

வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன போர்களும் உடன்படிக்கைகளும், முடி சூடிய நாட்களும் முடி இழந்த நாட்களும்தாம். தேர்வுத்தாளும் அவற்றையே கேட்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு சொல்லைக் கற்பிக்க மனிதர் பட்ட பாட்டிற்கும் ஒரு வரலாறு உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடங்களிலேயே காலங்கழித்த எனக்கு, அவ்வரலாறு மன்னர்களின் வரலாற்றைவிட இனிதாகத் தோன்றுகிறது. அதில் ஒரு பகுதியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1800-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள அவேரான் மாவட்டத்தில், செயின்ட் செர்னேன் என்னும் சிற்றூரில், காட்டிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் அகப்பட்டான். வயது பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம். ஆடை இல்லை, பேச்சு இல்லை, உடலெங்கும் தழும்புகள். அவ்வாண்டிலேயே அவனைப் பாரிஸ் மாநகருக்குக் கொண்டு சென்று, செவிடர் ஊமையர் பள்ளியில் சேர்த்தனர். நகரமே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. பார்த்தவர்கள் கண்டதென்ன? முன்னும் பின்னும் ஓயாமல் ஆடிக்கொண்டு, எவரையும் நோக்காமல், பிடித்தால் கடிக்கும் ஓர் அழுக்குச் சிறுவனைத்தான். பினெல் என்பார் அக்காலத்தில் மனநோய் மருத்துவத்தில் பெரும்புகழ் வாய்ந்தவர். மனநோயாளரை விலங்கிலிருந்து விடுவித்தவர் என்று நூல்கள் போற்றும் பெருமகனார். அவரே இச்சிறுவனைச் சோதித்துவிட்டு, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், இவனுக்குக் கற்பித்துப் பயனில்லை என்று தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பை ஏற்க மறுத்தவர் ஈத்தார் என்னும் இளம் மருத்துவர். இருபத்தைந்து இருபத்தாறு வயதினர். அவர் கண்ட ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அச்சிறுவனின் பின்னால் நின்று துப்பாக்கியைச் சுட்டார்கள், அவன் திரும்பவேயில்லை. செவிடன் என்றே எவரும் முடிவு கட்டியிருப்பர். ஆனால் அவன் விரும்பித் தின்னும் வாதுமைக் கொட்டையை ஒருவர் மெல்ல உடைத்தால், உடனே திரும்பிப் பார்த்தான்! காது கேட்கிறது, எதைக் கேட்பது என்பதை அவன் தேர்ந்துகொள்கிறான். பினெலின் கண்ணில் படாத இந்நுட்பம் ஈத்தாரின் கண்ணில் பட்டது. எங்கள் திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பியதைக் காஞ்சி மன்னன் அறியாதிருந்தானே, அந்த வரலாறு எனக்கு இவ்விடத்தில் நினைவு வருகிறது. உள்ளே நடக்கும் திருப்பணி வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஈத்தார் அவனுக்கு விக்டர் என்று பெயரிட்டார். கெரேன் அம்மையார் என்பவர் அவனைத் தாய்போல் பேணினார். ஐந்தாண்டுகள் பாடம் நடந்தது. அப்பாடத்தின் முறையைப் பாருங்கள். சாவி, கத்தரிக்கோல், சுத்தியல் ஆகியவற்றின் உருவங்களைப் பலகையில் வரைந்து, அந்தந்தப் பொருளை அதனதன் உருவத்தின்மேல் தொங்கவிடச் செய்தார். விக்டருக்கு ஒழுங்கின்மீது பெருவிருப்பம். ஒரு பொருள் இடம் மாறினாலும் பொறுக்கமாட்டான். மற்றவர்கள் குறை என்று கண்ட அப்பண்பையே ஈத்தார் பாடத்தின் வாயிலாக்கிக் கொண்டார். பின்னர் உருவத்தின் இடத்தில் எழுத்து வந்தது. பால் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் நான்கு எழுத்துக்களையும் அடுக்க அவன் கற்றான். ஒரு நாள் பால் கிடைக்கும் அண்டை வீட்டுக்குப் புறப்பட்டபோது, எவரும் சொல்லாமலே அந்த நான்கு எழுத்துக்களையும் எடுத்துச் சென்று, அவ்வீட்டு மேசைமேல் அடுக்கிக் காட்டினானாம். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்?

ஆயினும் விக்டர் பேசவில்லை. கெரேன் அம்மையாரின் கணவர் இறந்தபின், வழக்கம்போல் அவருக்கும் உணவு மேசையில் இடம் அமைத்தவன், அம்மையார் அழுவதைக் கண்டு, அத்தட்டை எடுத்துப் பேழையில் வைத்துவிட்டான், மறுபடி எடுக்கவேயில்லை. பிறர் துயரம் தெரியாதவன் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வாய்ப்பேச்சு வரவில்லை. பேச்சைக் கற்பதற்குரிய வயது கடந்துவிட்டது என்பதே ஈத்தாரின் எண்ணம். 1801-லும் 1806-லும் இரண்டு அறிக்கைகள் எழுதி அவர் பாடத்தை முடித்துக்கொண்டார். விக்டர் 1828 வரையில் கெரேன் அம்மையாரின் பாதுகாப்பிலேயே வாழ்ந்து மறைந்தான். அவனுக்கு இருந்தது இன்று நாம் ஆட்டிசம் என்று கூறும் நிலையா, அல்லது மனிதத் தொடர்பின்றிக் காட்டில் வளர்ந்ததன் விளைவா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. உட்டா ஃபிரித் ஆட்டிசமே என்பார். ஹார்லன் லேன் அன்று என்பார். நமக்கு வேண்டியது அவ்வழக்கன்று. காலத்தே தொடங்கவேண்டும் என்ற எண்ணமும், குழந்தையின் விருப்பத்தையே கல்விக்கு வாயிலாக்கும் முறையும் அங்கே பிறந்தன என்பதே.

ஈத்தாரிடம் கற்றவர் செகேன். அவர் 1846-இல் இவ்வகைக் குழந்தைகளின் கல்வியைப் பற்றி ஒரு பெருநூல் எழுதிவிட்டுப் பின்னர் அமெரிக்கா சென்றார். அரை நூற்றாண்டு கழித்து, ரோம் நகரில் ஓர் இளம் பெண் மருத்துவர் ஈத்தார், செகேன் ஆகிய இருவர் நூல்களையும் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்தார். அவர்தாம் மரியா மாண்டிசோரி. மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அவர் செகேனின் முறையில் கற்பித்தார். அவர்களிற் சிலர் பொதுத்தேர்வில் மற்ற குழந்தைகளோடு ஒப்பத் தேறினர். ஊரெல்லாம் வியந்தபோது அம்மையார் வேறொன்றை எண்ணி வியந்தார்: நலமுள்ள குழந்தைகளை இவ்வளவு தாழ்ந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பது எது? 1907-இல் ரோமின் ஏழைகள் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் அவ்வினாவின் விடை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். சில திங்கள் தங்குவதாக ஏற்பாடு. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டார் என்ற முறையில் அவருடைய மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு நீங்கலாகாது என்று ஆணை பிறந்தது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளில் வைசிராய் மகனை விடுவித்தார். போர் முடிந்து 1946-இல்தான் அவர் ஐரோப்பா திரும்பினார். இடையில் சில ஆண்டுகள் கோடைக்கானலில் கழிந்தன. அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நாடெங்கும் பரவினர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தை விரலால் தடவிப் பார்ப்பதை நீங்கள் மழலையர் பள்ளிகளில் கண்டிருப்பீர்கள். அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் விக்டரின் கையில் இருந்த எழுத்துக்களில் போய் நிற்கும். நான் பயின்ற ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பத்து உருளைகள் பொருந்திய மாண்டிசோரி மரக்கட்டை ஒன்று இருந்தது. தேய்ந்துவிடும் என்று அஞ்சிக் கண்ணாடி அலமாரியில் பூட்டியே வைத்திருந்தார்கள்! அது கிடக்கட்டும்.

இங்கே வரலாற்றில் ஒரு விந்தை. எந்தக் குழந்தைகளை முன்னிட்டு அம்முறை தோன்றியதோ, அவர்களை விட்டுவிட்டு, அது நலமுள்ள குழந்தைகளின் சொத்தாகிவிட்டது. அக்குழந்தைகளுக்கு அப்போது ஒரு பெயர்கூட இல்லை. அம்மையார் இந்தியாவில் இருந்த ஆண்டுகளிலேயே அப்பெயர் வந்தது. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர், எட்டு ஆண்களும் மூன்று பெண்களுமாகப் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்களோடு ஒட்டாமை, மாற்றத்தைப் பொறாமை, பேச்சின் தனிப்போக்கு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். மறு ஆண்டில் வியன்னாவில் ஆஸ்பெர்கரும் எழுதினார். ஆனால் 1925-லேயே சோவியத் நாட்டில் சுகரேவா என்ற பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர்களை விரிவாக விவரித்திருந்ததை உலகம் நெடுங்காலம் கவனிக்கவில்லை. அதே 1944-இல் வியன்னாவிலிருந்து வந்து டார்ஜிலிங்கில் தொழில் புரிந்த ரொனால்டு என்னும் குழந்தை மருத்துவர், இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் இவ்வகைக் குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே இது மேனாட்டு நோய், நம் நாட்டுக்குப் புதிது என்று யாரேனும் கூறினால் நம்பவேண்டா.

கானர் கண்ட முதற் சிறுவன் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தவன். மூன்று வயதிலேயே ஒரு விடுதியில் விடப்பட்டு, ஓராண்டளவில் பெற்றோரால் திரும்ப அழைத்து வரப்பட்டவன். அவனைப் பற்றித் தந்தை கானருக்கு எழுதிய கடிதம் 33 பக்கம். 1942-இல் அவன் ஓர் உழவர் தம்பதியரின் பண்ணையில் தங்க நேர்ந்தது. சிறுவனுக்கோ எண்ணுவதிலும் அளப்பதிலும் ஓயாத வெறி. அவ்வுழவர் என்ன செய்தார் தெரியுமா? சோளக் கொல்லையின் வரிசைகளை எண்ணிக்கொண்டே ஏரோட்டச் சொன்னார். அளக்கும் வெறி மிகுந்தபோது கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். ஈத்தாரின் பெயரைக்கூடக் கேட்டிராத ஓர் உழவர் ஈத்தாரின் முறையையே கையாண்டார்! டொனால்டு பிற்காலத்தில் பட்டம் பெற்று, வங்கியில் பணியாற்றி, கோல்ஃப் ஆடி, ஊர் ஊராகச் சுற்றி, 2023-இல் 89-ஆம் வயதில் மறைந்தார். 1971-இல் கானர் தம் பதினொருவரையும் மீண்டும் தேடிப் பார்த்தார். அரசு விடுதிகளில் அடைபட்டவர்கள் நிலை வரவர மங்கியே போயிருந்தது. ஒரே கட்டுரையில் இடம்பெற்ற குழந்தைகள்; வேறு வேறு முடிவுகள்.

ஆனால் இடைக்காலத்தில் கானரின் பேனாவே ஒரு பெருந்தீங்குக்கும் இடம் கொடுத்தது. இக்குழந்தைகளின் பெற்றோர் உணர்ச்சியற்றவர்கள் என்று அவர் எழுதியதைப் பற்றிக்கொண்டு, தாயின் மனம் குளிர்ந்து போனதே காரணம் என்ற கொள்கை பரவியது. பெட்டல்ஹைம் என்பார் 1967-இல் அதையே பெருநூலாக்கினார். எத்தனையோ தாய்மார் கண்ணீர் வடித்தனர். அதற்கு மூன்றாண்டு முன்னரே, தம் மகனுக்காக நூலகம் நூலகமாகத் தேடிய ரிம்லாந்து என்ற உளநூலார், இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது என்று 1964-இல் நூல் எழுதி அக்கொள்கையின் அடிக்கல்லைப் பெயர்த்திருந்தார். 1977-இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து பரம்பரைக் கூற்றின் வலிமையைக் காட்டினர். கானரே 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். நம் தெருக்களில் அத்தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை போலும். தாய் வேலைக்குப் போனாள், அதனால்தான். கைப்பேசியைக் கொடுத்தாள், அதனால்தான். கருவுற்றிருந்தபோது கிரகணம் பார்த்தாள், அதனால்தான் என்று சொல்ல எத்தனை நாவுகள்! தடுப்பூசியால் வந்தது என்ற வதந்தியும் உண்டு. அதற்கு வித்திட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தியவர் எரிக் ஷாப்ளர். வட கரோலினாவில் 1960-களில் அவர் தொடங்கிய பணி, 1972-இல் அம்மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று. படங்களால் ஆன கால அட்டவணை, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம், பெற்றோரே உடன் ஆசிரியர். இவை அதன் அடிப்படை. மற்றொரு பக்கம் கலிபோர்னியாவில் லோவாஸ் என்பவர் ஒவ்வொரு திறனையும் சிறுசிறு படிகளாகப் பிரித்துப் பரிசு கொடுத்துப் பயிற்றினார். நான்கு வயதுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணிக்கு மேல், ஈராண்டுக்குமேல் பயிற்சி கொடுத்ததில், 9 பேர் பொதுப்பள்ளியின் முதல் வகுப்பை மற்றவரோடு ஒப்ப முடித்தனர் என்று 1987-இல் அறிவித்தார். உலகம் பரபரப்படைந்தது. ஆனால் நம்மவர் ஒன்றை மறத்தல் கூடாது. தொடக்க ஆண்டுகளில் அவர் அடியையும் மின்னதிர்ச்சியையும்கூடக் கையாண்டார். ஆட்டிசம் உடையவர்கள் பெரியவர்களாகி எழுதவும் பேசவும் தொடங்கியபின், அந்நாட்களைப் பற்றியும், தம் இயல்பையே அடித்துத் திருத்த முயன்ற பயிற்சியைப் பற்றியும் கசப்போடு கூறியிருக்கின்றனர். பிள்ளையை வேறொரு பிள்ளையாக மாற்றுவது கல்வி ஆகாது என்பது என் துணிபு. மேலும், பிற்கால ஆய்வுகள் எல்லாம் அத்துணைப் பெரும் பயனைக் காட்டவுமில்லை. 2010-இல் டாசனும் துணைவரும் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள 48 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு, விளையாட்டின் ஊடே கற்பிக்கும் இனிய முறையாலும் நல்ல முன்னேற்றம் காணலாம் என்று காட்டியது.

வாரத்துக்கு 40 மணி! தலைமையாசிரியனாக இருந்தவன் கால அட்டவணை போடாமல் இருக்க முடியுமா? நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் ஐந்து நாள். எங்கள் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் காலை மின்தொடர் வண்டிக்குக் காத்திருக்கையில், நான்கு வயது மகனை இடுப்பில் கட்டிப் பிடித்தபடி நின்ற தாய் ஒருவரோடு பேச நேர்ந்தது. வண்டிச் சக்கரத்தைத் தவிர வேறெதையும் அச்சிறுவன் பார்க்கவில்லை. வாரம் இருமுறை சென்னைக்குப் போய் வருகிறார்கள். போக 30 கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே கிடைப்பது முக்கால் மணி நேரப் பயிற்சி. “பேரு வெச்சுட்டாங்க சார். வீட்ல என்ன செய்யணும்னு சொல்லத்தான் ஆள் இல்லை” என்றார். மகனுக்கு இரண்டு வயதில் சந்தேகம் வந்ததாம். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று வீட்டுப் பெரியவர்கள் ஓராண்டைக் கழித்தார்களாம். அந்த ஓராண்டுதான் இப்பேச்சின் கரு.

ஏனெனில் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் மூளையின் இணைப்புகள் வெகு விரைவாக அமைகின்றன. ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் நிலவையோ காக்கையையோ விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, வந்த சொற்களும் மறைந்து போதல். இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருத்தல் ஆகாது. காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்கவேண்டும். இரண்டு வயதளவில் தேர்ந்த மருத்துவர் பெரும்பாலும் உறுதி கூறிவிடலாம். உறுதியாகும் வரையில் பயிற்சிக்குக் காத்திருக்கவேண்டும் என்பதுமில்லை. இரண்டு வயதுக் குழந்தையோடு எதிரே அமர்ந்து, அது மூடியை உருட்டினால் நாமும் ஒரு மூடியை உருட்டி, அது நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்து, பார்த்த கணத்தில் ஒரே ஒரு சொல்லைச் சொல்வதால் யாருக்கு என்ன கேடு?

மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் பயிற்ற முடியுமா என்ற வினாவுக்கு விடை நம் பக்கத்திலிருந்தே வந்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. மருத்துவப் பட்டம் இல்லாத பணியாளர்கள் பயிற்சி பெற்று, வீடு தேடிச் சென்று, 12 அமர்வுகளில் பெற்றோருக்கு வழிகாட்டினர். பெற்றோர் குழந்தையின் குறிப்பறிந்து மறுமொழி கூறுவது பெருகியது. குழந்தை தானாகவே தாயை நாடித் தொடர்பு கொள்வதும் பெருகியது. எல்லா அளவைகளிலும் முன்னேற்றம் கிட்டிற்று என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எங்கள் ஊர்த் தாய்க்கு வேண்டியது இதுவே.

சென்னையும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1985-இல் பூனம் நடராஜன் மூன்று குழந்தைகளோடு தொடங்கியதே இன்றைய வித்யாசாகர். 1989-இல் தியாகராய நகரில் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், சிறு குழந்தைகளுக்காக ‘உபநயன்’ என்ற பயிற்சித் திட்டத்தை வகுத்து, தாயையும் வகுப்பில் உடன் இருத்தியது. அசைவு, தன்வேலை, மொழி, அறிவு, பழக்கம் என ஐந்து துறைகளுக்கு ஐம்பது ஐம்பதாக 250 திறன்களைப் படிப்படியாக அடுக்கிய பட்டியல் அது. பாடத்திட்டம் என்றால் இதுவன்றோ பாடத்திட்டம்! முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-இல் அமைந்தது. அங்கும் வேறு பதின்மூன்று இடங்களிலும் 2021 சூன் 17-இல் குழந்தைகளுக்கான முன்கூட்டிய பயிற்சி மையங்கள் திறக்கப்பட்டன.

சட்டம் மெதுவாகவே நடந்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக அதனை ஏற்றது. ‘மதியிறுக்கம்’ என்று தமிழில் வழங்குகின்றனர். அச்சொல் எனக்கு முழு நிறைவு தருவதன்று. நான்கு எழுத்துக்களைக் கையில் எடுத்துப் பால் கேட்கப் போன சிறுவனின் மதி இறுகியா இருந்தது?

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் சென்று குழந்தைகளைப் பார்க்கின்றனர். அவர்கள் நோக்க வேண்டியவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. ஐயம் எழுந்தால் மாவட்ட முன்கூட்டிய இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். நம் அங்கன்வாடி ஊழியர்கள் எடை பார்க்கிறார்கள், சத்துமாவு தருகிறார்கள், பதிவேடு எழுதுகிறார்கள். விரல் நீட்டிக் காட்டுகிறதா என்ற ஒரு வினாவையும் அவர்கள் கேட்டுவிட்டால், இரண்டு வயதிலேயே பல குழந்தைகள் நம் கண்ணுக்குத் தென்படுவர். அனுப்பப்பட்ட பின்னர்க் கற்பிக்க ஆள் வேண்டுமே! உலகில் ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நிலை காணப்படுகிறது. சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிப் பயிற்சியாளர் ஆகியோர் தொகையோ மிகக் குறைவு. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றனர். இந்திய மறுவாழ்வுக் கழகம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்படிப்புகளை ஒழுங்கு செய்கிறது. மேனிலைப் பள்ளி முடித்தவர்களுக்குப் பட்டயப் படிப்பும், பட்டம் பெற்றவர்களுக்குச் சிறப்புக் கல்வியில் ஆசிரியப் பட்டமும் உண்டு. அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதுவது என்று எண்ணிக்கொண்டிருக்கும் உங்களுள் சிலராவது, அவ்விண்ணப்பத்தையும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் திருநின்றவூரிலும் வீட்டருகிலேயே வேலை காத்திருக்கிறது.